வளைந்தால்தான் அம்பு நேராகப் போகும்

என் மகன் பத்து அம்பு விட்டான். பத்தும் பலகையின் இடது ஓரத்தில், ஒரு கையகலத்துக்குள் குத்தி நின்றன. "அம்மா, நான் நேராத்தானே பார்க்கறேன்?" என்று கேட்டான். முகம் வாடிவிட்டது. எனக்கும் பதில் தெரியவில்லை. அதே வில்லில் அதே அம்புகளை நான் விட்டபோது நடுவை ஒட்டித்தான் போயின.

நாங்கள் இருப்பது டெல்லி மயூர் விஹாரில். 2010 காமன்வெல்த் விளையாட்டில் வில்வித்தைப் போட்டிகள் நடந்த யமுனா விளையாட்டு வளாகம் எங்கள் கிழக்கு டெல்லியில்தான் இருக்கிறது. அங்கே தீபிகா குமாரி பதினாறு வயதில் தங்கம் வென்ற கதையைச் சொன்ன நாளிலிருந்து இவனுக்கு இந்த ஆசை. குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத பழைய பாணி மரவில் ஒன்று வாங்கினோம். இருவருக்கும் ஒன்றே போதும் என்று நினைத்தேன். வில்லின் மேல் '20 பவுண்டு, 28 அங்குலம்' என்று எழுதியிருந்தது.

விஷயம் அந்த எழுத்தில் இருக்கிறது. நாணை 28 அங்குலம் வரை இழுத்தால்தான் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். நான் 26 அங்குலம் இழுக்கிறேன். ஒன்பது வயதுக் கை 20 அங்குலத்தோடு நின்றுவிடும். இழுக்காதபோதே நாண் பிடியிலிருந்து 7 அங்குலம் தள்ளி இருக்கிறது. அதைக் கழித்தால் என் இழுப்பு 19, அவனுடையது 13. வில்லில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ இந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், என்னுடையதில் பாதிகூட அவனுக்கு வருவதில்லை.

(பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு சுமந்து போக வேண்டிய ஆற்றல் முழுக்க வில்லுக்கே திரும்பி, மரத்தைப் பிளந்துவிடும்.)

சரி, பலம் குறைந்தால் அம்பு கீழேதானே இறங்க வேண்டும்? இடப்பக்கம் ஏன் போகிறது?

நாண் வில்லின் நடுக்கோட்டில் இருக்கிறது. நடுவில் மரம் இருப்பதால், வலக்கையால் இழுப்பவர் அம்பை வில்லின் இடப்பக்கத்தில்தான் சாய்த்து வைக்க முடியும். அதனால் இழுத்து நிற்கும்போதே முனை சற்று இடப்பக்கம் பார்க்கும். நாண் முன்னால் போகப் போக அந்தச் சாய்வு கூடும். இப்படிப் பார்த்தால் எந்த அம்பும் நேராகப் போகவே கூடாது. ஆனாலும் போகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார். அம்பு நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போவது அதில் தெரிந்தது.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவுங்கள். ஒரு நுனியைச் சுவரில் ஊன்றி, மறுநுனியை விரலால் தள்ளுங்கள். உடனே நடுவில் வளையும். அம்புக்கும் இதேதான். கனமான முனை சட்டென்று நகராது. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது. விரல்களிலிருந்து நழுவும் நாணும் விரல்நுனியைச் சுற்றிக்கொண்டு மயிரிழை இடப்பக்கம் ஒதுங்கித்தான் கிளம்பும். வளைவு எந்தப் பக்கம் என்பதை அந்தச் சின்ன உதை முடிவு செய்கிறது. அம்பின் நடுப்பகுதி முதலில் வில்லை அழுத்தி வளைகிறது. அப்புறம் துள்ளி எதிர்ப்பக்கம் வளைந்து, வில்லை விட்டு விலகுகிறது. மறுபடி திரும்பும்போது வால் வெளியே ஒதுங்கி, இறகுகள் மரத்தில் மோதாமல் தாண்டிவிடுகின்றன. ஒரு நொடியை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ எல்லாம் முடிந்துவிடும்.

தள்ளும் பலத்துக்கு ஏற்றபடி அம்பு வளைந்தால்தான் இது நடக்கும். என் இழுப்புக்கு வளைந்த அம்பு, அவன் இழுப்புக்கு விறைப்பாகிவிட்டது. வளையாத அம்பு மரத்தில் முட்டி இடப்பக்கம் தெறிக்கும். ரொம்பத் துவளும் அம்பு வலப்பக்கம் போகும். இடக்கையால் இழுப்பவர்களுக்கு இரண்டும் பக்கம் மாறும்.

இந்த விறைப்புக்கு ஸ்பைன் என்று பெயர். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கவைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் ஸ்பைன் 500, ஓர் அங்குலம் தொய்ந்தால் 1000. எண் பெரிதானால் அம்பு இளக்கமானது. கடையில் கேட்கும்போது இதை மறக்க வேண்டாம். விறைப்பான அம்பில் கனமான முனை மாட்டினாலும் வளைவு கூடும். நீளத்தைக் குறைத்தால் விறைப்பு ஏறும். குழந்தையின் அம்பை அவர்கள் இழுக்கும் அளவுக்கே வெட்டுவதும் ஆபத்து. கொஞ்சம் கூட இழுத்துவிட்டால் முனை வில்லுக்கு உள்ளே வந்து கையில் பாயும்.

பயிற்சியாளர் அவன் நிற்பதையோ பிடிப்பதையோ திருத்தவில்லை. இன்னும் இளக்கமான ஆறு அம்புகளை நீட்டினார். முதல் அம்பு பலகையின் நடு மஞ்சள் வட்டத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் இறங்கிக் குத்தியது.

"கீழ போயிடுச்சும்மா," என்றான். ஆனால் இந்த முறை முகம் வாடவில்லை. அடுத்த அம்பைப் பூட்டி, வில்லைக் கொஞ்சம் மேலே தூக்கினான்.