மருந்து அடிக்காதவருக்கும் விஷம் ஏறும்

பூச்சிமருந்து என்றதும் அதைக் குடித்துவிட்டவர்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருவார். எங்கள் வார்டில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் வந்து படுப்பவர்களும் உண்டு. தலை சுற்றுது, குமட்டுது, கண் மங்குது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது என்பார்கள். வெயில், வெறும் வயிறு, பித்தம் என்று காரணமும் அவர்களே வைத்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். மருந்து அடிச்சீங்களா என்று கேட்டால், "நான் அடிக்கலம்மா, மல்லிப்பூ எடுக்கத்தான் போனேன்" என்று பதில் வரும்.

மொட்டுப்புழுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அடித்திருப்பார்கள். மறுநாள் விடியுமுன் ஈரச் செடிக்குள் வெறுங்கையை விட்டுப் பறித்து, மடியில் கட்டி, அதே கையால் டீ வாங்கிக் குடித்தால் என்ன ஆகும்? குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். நரம்பில் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும், அது பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் அடுத்த மருந்தடிப்பும் வந்துவிடும்.

அடிப்பவர் கதை இன்னும் மோசம். டேங்க் மூடி இறுகாமல் முதுகில் வழிந்து சட்டை ஊறியிருக்கும், நாசில் அடைத்தால் வாயை வைத்து ஊதுவார், நடுவில் ஒரு பீடி வேறு. அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார். வீட்டுக்குள் நுழையுமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள், துணியைத் தனியாக, கையுறை போட்டுத் துவையுங்கள். மீதி மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. அப்புறம், டப்பாவில் பச்சை முக்கோணம் இருந்தால் ஒன்றும் செய்யாது என்று சிலர் நினைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலத்தைவிட அதற்கு விஷம் குறைவு, அவ்வளவுதான்.

யாருக்காவது வாயில் எச்சில் ஒழுகி, சதை துடித்து, மூச்சு வாங்கினால் துணியைக் களைந்து சோப்புத் தண்ணீரில் கழுவி 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்து டப்பாவை லேபிளோடு கையோடு கொண்டுவாருங்கள். நான் மேலே சொன்ன வகை என்றால் அட்ரோபின் ஊசியை உடனே ஆரம்பிக்கலாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியாக இருந்தால் அதற்கு விஷமுறிவு மருந்தே கிடையாது, தேவையில்லாமல் ஆக்சிஜன் வைத்தால்கூட நுரையீரல் இன்னும் கெடும்.