ஆடிப்பெருக்குக்கு முன்னாலா, பின்னாலா?

"எனக்கு 67 ஆச்சு டாக்டரம்மா. இனிமே என்ன தெம்பு வரப்போவுது?" என்று அந்தப் பாட்டி உட்காரும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். கூட வந்த மகனும் தலையாட்டினார். "வயசாயிடுச்சு மேடம். ஒரு குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏத்திவுட்டீங்கன்னா போதும்."

தருமபுரியில் 24 வருடமாகப் பொதுநல மருத்துவம் பார்க்கிறேன். அறுபதைத் தாண்டியவர்கள் எந்தக் காரணத்துக்கு வந்தாலும் எழுந்து போகும் முன் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "அசதியா இருக்கு." கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு சொல்வார்கள். அதையும் முதுமைக் கணக்கில் எழுதி அனுப்பிவிடுவது டாக்டருக்குச் சுலபம், வீட்டாருக்குச் சுலபம், பல நேரம் நோயாளிக்கும் சுலபம்.

பாட்டியிடம் கேட்டேன். "போன ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனீங்களா?"

"போனேனே! பேரன இடுப்புல வெச்சிக்கிட்டுப் படியெல்லாம் எறங்குனேன்."

"பொங்கலுக்கு?"

"பொங்கலுக்கு வாசத் தெளிச்சுக் கோலம் போட முடியல. மருமவதான் போட்டா."

ஆடி 18-லிருந்து தை 1 வரை ஐந்தரை மாதம். முதுமை இந்த வேகத்தில் வராது. அது வருடக்கணக்கில், நமக்கே தெரியாமல் இறங்கும். இந்தப் பண்டிகைக்கு முன், அந்தப் பண்டிகைக்குப் பின் என்று ஒருவரால் கோடு கிழித்துச் சொல்ல முடிந்தால், அங்கே வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பாட்டி பாதி ரத்தத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். எங்கே போனது மீதி? முட்டி வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய மாத்திரை, தினமும் இரண்டு, எட்டு மாதமாக. "வெளிக்குப் போறது கறுப்பா இருக்குதா?" என்றதும் மகனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கீரை அதிகமாகச் சாப்பிடுவதால் என்று நினைத்தாராம். வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கி, சொட்டுச் சொட்டாக ரத்தம் இறங்கியிருக்கிறது. தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுவென்று, தனி நாற்றத்தோடு போனால் அது கீரை இல்லை. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

அந்தக் குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 500 மில்லி, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் உள்ளே இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து டீஸ்பூன். உப்புத் தண்ணீர் பாட்டிலாக இருந்தால் அதுவும் கிடையாது; நாலரை கிராம் உப்பு மட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவருக்கு அது உயிர் காக்கும். மற்றபடி ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் படுத்து எழுந்தால் யாருக்கும் கொஞ்சம் தெம்பாகத்தான் இருக்கும். இதயம் பலவீனமான முதியவருக்கு அதே பாட்டில் நுரையீரலில் நீரைக் கோத்துவிடலாம். நான் போட மாட்டேன் என்றதும் எழுந்து அடுத்த தெருவுக்குப் போனவர்கள் நிறையப் பேர். வருத்தம்தான்.

நம் ஊர்க்காரர்கள் சோர்வைச் சொல்லும் விதத்திலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். "அசதி" என்று பொதுவாகச் சொன்னவரைக் கொஞ்சம் பேசவிட்டால் சரியான வார்த்தை தானாக வரும். "நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது" என்றால் ரத்தம், இதயம், நுரையீரல். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்பதும் சேர்ந்தால் நாளைக்குத் தள்ளக் கூடாது. "எழுந்தா கிறுகிறுன்னு வருது" என்றால் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்ப்பேன். நின்றதும் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மாத்திரை அளவையோ குடிக்கும் தண்ணீரையோ யோசிக்க வேண்டும். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. "பகல்ல கண்ணு சொருகுது" என்பவரின் மனைவியிடம்தான் விசாரிக்க வேண்டும், ராத்திரி குறட்டை நடுவில் நின்று நின்று வருகிறதா என்று. "மனசே ஓடல, எதுவும் புடிக்கல" என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் சொன்னால், ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து வீட்டில் என்ன நடந்தது என்றும் கேட்பேன். மனச்சோர்வு முதியவர்களிடம் அழுகையாக வருவதைவிட உடம்பு வலியாகவும் அசதியாகவும்தான் அதிகம் வருகிறது. உடம்பு இளைப்பது, சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய் வயதானவர்களை விட்டுவைப்பதில்லை.

இவ்வளவு பேசுகிற நானே என் வீட்டில் கோட்டை விட்டேன். என் மாமியாருக்கு அப்போது 72. ஊர் காவேரிப்பட்டணம். மாங்காய் சீசன் வந்தால் நாலு வீட்டுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறவர், அந்த வருடம் மாங்காயைத் தொடவே இல்லை. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் நான். "அத்தைக்கு வயசாகுதுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னதும் நான்தான். ஓசூரிலிருந்து போனில் பேசிய மாமியாரின் தங்கைதான், "என்ன அக்கா குரல் ஆம்பளக் குரலாட்டம் மாறிப்போச்சு?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மலச்சிக்கல், குளிர், மந்தம், கட்டைக் குரல். மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் வருகிற வரிசை அப்படியே. தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 48 இருந்தது, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. தைராய்டு சுத்தமாகப் படுத்துவிட்டது.

முதியவர்களுக்குத் தைராய்டு மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லத்தான் ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் இதயம் தாங்காமல் போகலாம். அத்தை தெளிவதற்கு நாலு மாதம் ஆனது. வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரமாவது தள்ளி. அந்த அரை மணி நேரக் காபித் தடைக்காக அத்தை இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அடுத்தது மஞ்சப்பை. வயதான நோயாளிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது பெரிய காரியம். ஆனால் அதோடு தனியார் டாக்டர் கொடுத்தது, மகள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது எல்லாம் பையில் சேர்ந்துவிடுகிறது. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். பிரஷருக்குத் தரும் அடெனோலால், மெட்டோபுரொலால் வகை மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைப்பதால் சிலருக்கு அசதி தரும். நீர் பிரியும் மாத்திரை உடம்பின் சோடியத்தை இறக்கிவிடலாம். அதை ராத்திரியில் போட்டால் நாலு முறை எழுந்து போக வேண்டும், அப்புறம் பகலெல்லாம் தூங்கி வழியும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அசதியும் கால் மரமரப்பும் வரும், சுகரால் வந்த நரம்புக் கோளாறு என்று அதையும் தள்ளிவிடுவோம். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது, போடுவதைவிட ஆபத்து. பையோடு வாருங்கள், அவ்வளவுதான்.

சரி, எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று வந்தால்?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் லோடு ஏற்றி இறக்கிய ஒருவர் வந்தார். வயது 70. ரத்தம், தைராய்டு, சுகர், சிறுநீரகம், ஈசிஜி எல்லாம் சரி. "மூட்டத் தூக்குன ஒடம்பு மேடம், இப்ப என்னையே தூக்க முடியல" என்றார். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். முதல் முறை சுலபமாக எழுந்தார். மூன்றாவது முறை முன்னால் சாய்ந்து ஆட்டம் போட்டுத்தான் எழ முடிந்தது. ஐந்தாவதில் கை தானாகப் பிரிந்து தொடையை ஊன்றியது. 23 விநாடி. 15 விநாடிக்கு மேல் போனால் தசை பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். வயதோடு தசை கரைவது இயல்பு, அறுபதுக்கு மேல் வேகமாகவே கரையும். ஆனால் வேலையை விட்ட பிறகு டிவி முன்னால் உட்கார்ந்த மூன்று வருடம்தான் இவரை அதிகம் கரைத்திருந்தது. "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிச் சொல்லியே நம் வீட்டுப் பெரியவர்களைப் படுக்கவைத்துவிடுகிறோம்.

அவருக்கு எழுதிக் கொடுத்தது அந்த நாற்காலியையேதான். காலையில் பத்து, மாலையில் பத்து. ஆரம்பத்தில் ஒரு கையால் ஜன்னலைப் பிடித்துக்கொள்ளலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு வர வேண்டும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தொடை பலத்துக்கு அது மட்டும் போதாது. மூன்று மாதத்தில் 14 விநாடிக்கு வந்தார். "எத்தன நாளைக்கு மேடம் இத செய்யணும்?" என்று எரிச்சலாகக் கேட்டார். பதில் சொல்லவில்லை, சிரித்துவைத்தேன்.

சாப்பாட்டில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு, கேழ்வரகுக் களி. பல் போன பெரியவர்களும் மெல்லாமல் விழுங்கிவிடலாம். கால்சியத்தில் கேழ்வரகை எந்த தானியமும் நெருங்க முடியாது. ஆனால் 100 கிராம் மாவில் புரதம் 7 கிராம் அளவுதான். முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். 55 கிலோ பாட்டிக்கு 55 கிராம். வெறும் புளிச்சாற்றில் களியைத் தோய்த்து விழுங்கினால் எங்கிருந்து வரும்? கொள்ளுக் கடைசல், மொச்சைக் குழம்பு, கருவாடு, முட்டை, தயிர், ஏதாவது ஒன்று கூட இருக்க வேண்டும். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம். ராத்திரி டீயும் பன்னும் தின்றுவிட்டுப் படுக்கும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. சாப்பிட்டதும் டீ குடித்தால் உணவில் இருக்கும் இரும்பும் உடம்பில் சரியாகச் சேராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

தண்ணீரும் இருக்கிறது. ஒகேனக்கல் குடிநீர் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது 2013-ல். அதற்கு முன் நாற்பது வருடம் புளோரைடு அதிகமான போர் தண்ணீரைக் குடித்தவர்களின் முதுகும் கழுத்தும் இறுகிப்போயிருக்கும். இறுகிய உடம்புக்குக் குனிந்து நிமிர்வதே வேலை, அதனால் சீக்கிரம் ஓய்ந்துபோகும். குழாய் வராத நாளில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும்; புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும்.

உண்மையான வயதுத் தளர்ச்சிக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். நன்றாக இருக்கும் ஒரு நாளில் துணி துவைத்து, களை எடுத்து, சந்தைக்கும் போய்விட்டு மூன்று நாள் படுக்கும் வழக்கத்தை விடுங்கள். கனமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும்.

பென்னாகரத்துப் பாட்டி சித்திரையில் திரும்ப வந்தார். ரத்தம் ஏற்றி, புண்ணுக்கு மருந்து கொடுத்து, இரும்பு மாத்திரையில் 10.9-க்கு வந்திருந்தார். கோலம் போடுகிறாராம், சின்னதாக. "எல்லாம் தேவல டாக்டரம்மா, முட்டி வலிக்கு மட்டும் அந்தப் பழைய மாத்திரைய..." என்று இழுத்தார்.

"முட்டி வலி எப்பலருந்து?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது யாருக்குத் தெரியும்? பத்து வருசம் இருக்குமா, பன்னண்டு இருக்குமா... எப்ப வந்துச்சுன்னே தெரியல."

சுவரோரம் இருந்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.