தென்பெண்ணை முடியும் இடத்தில் ஒரு துரு வளையம்

மழை விட்ட மறுநாள் பாலக்கோடு பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் மண்வெட்டி போட்டால் மண்புழு கிடைக்கும். கொட்டாங்குச்சியில் அள்ளிக்கொண்டு ஏரிக்குத் தூண்டில் போடப் போவோம். புழு என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரியும். நம் தென்பெண்ணை கடலில் சேரும் கடலூருக்குப் போய் உப்பங்கழிச் சேற்றைக் கிளறிய அன்றுதான், அதன் சொந்தபந்தம் எவ்வளவு பெரிது என்று புரிந்தது.

தண்ணீர் வற்றியிருந்த நேரம். பழுப்புச் சேற்றில் பொட்டுப் பொட்டாகச் சிறு ஓட்டைகள். ஓர் ஓட்டையைச் சுற்றிக் கத்தியால் கட்டியாக வெட்டி எடுத்துப் பிளந்தோம். இரண்டு விரற்கடைக்குக் கீழே சேறு மை மாதிரி கறுப்பு, அழுகிய முட்டை வாடை. ஆனால் ஓட்டை இறங்கிய வழி நெடுக, சுவரை ஒட்டி மெல்லிய செம்பழுப்பு வளையம். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கிய துளை போல இருந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு புழு, பூரான் போல இரண்டு பக்கமும் துடுப்புகள் நெளிய.

அந்த வளையம் வந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அடிச்சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. முட்டை வாடை அதனுடையது. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம். புழுவோ மூச்சு விட்டாக வேண்டும். அதனால் உடலை அலை அலையாக ஆட்டி மேலேயிருந்து ஆக்சிஜன் உள்ள தண்ணீரை வளைக்குள் இழுக்கிறது. அந்தத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் சுவரிலுள்ள இரும்பைத் துருவாக்கிவிடுகிறது. நம் தருமபுரி மண் சிவந்திருப்பதற்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். ஒரு சதுர மீட்டர் சேற்றில் இப்படி எத்தனையோ வளைகள். சேறு முழுவதும் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம்.

மண்புழு, அட்டை, இந்தச் சேற்றுப்புழு எல்லாமே வளைதசைப் புழுக்கள். மண்புழுவுக்கு வளையத்துக்கு வளையம் கண்ணுக்குத் தெரியாத சிறு முட்கள் மட்டும் உண்டு. கடல் புழுவுக்கோ பக்கத் துடுப்புகளில் கற்றை கற்றையாக முட்கள். இவற்றின் ‘பாலிகீட்டா’ என்ற பெயருக்கே ‘பல முட்கள்’ என்று பொருள். இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இடத்துக்கு ஏற்றபடி பிழைப்பும் மாறுகிறது. அலை மோதும் பாறையிலும் படகின் அடியிலும் சுண்ணாம்புக் குழாய் கட்டி ஒட்டிக்கொள்பவை உண்டு. மணலில் டயோபாட்ரா என்றொரு புழு தோல் போன்ற குழாய் செய்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் கிளிஞ்சல் துண்டுகளைத் தேடி எடுத்துப் பதிக்கிறது. மன்னார் வளைகுடாப் பவளத்தில் வண்ண விசிறிபோல விரிந்து, நிழல் பட்டதும் படக்கென்று உள்ளே போவதும் புழுதான். சேற்றில் வாழும் நீரிஸ் வகைகளில் பல, இனப்பெருக்கக் காலத்தில் இரவில் கூட்டமாக நீர்மட்டத்துக்கு ஏறி, முட்டையும் விந்தும் விட்டபின் இறந்துபோகின்றன. அப்புறம், இறால் குஞ்சுப் பண்ணைகளில் தாய் இறாலுக்கு இந்தப் புழுக்கள்தான் சிறந்த தீவனம்.

சேற்றின் உடல்நிலையையும் இவற்றை வைத்தே சொல்லிவிடலாம். சாக்கடை கலந்து, மட்கும் பொருள் மிஞ்சி, ஆக்சிஜன் குறைந்தால் ஒவ்வொரு வகையாகக் காணாமல் போகும். கேப்பிட்டெல்லா என்ற மெல்லிய சிவப்புப் புழு மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகும். எண்ணிக்கை நிறைய இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, எத்தனை வகை என்றுதான் பார்க்க வேண்டும். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்க வெளியேறும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடைசியில் இந்தச் சேறுதான் நினைவுக்கு வருகிறது.

அன்று வெட்டிய கட்டியில் மூன்று வகைப் புழுக்கள் இருந்தன. பிளந்த பாதிகளைச் சேர்த்து, அதே குழியில் வைத்து அமுக்கிவிட்டு வந்தோம்.