சாட்பாட் திருப்பிக் கேட்காத கேள்வி

எச்.ஐ.வி. சிகிச்சையில் இன்று பல நாடுகளில் முதலில் தரப்படும் கூட்டு மாத்திரையில் டோலுடெகிராவிர் என்ற மருந்து இருக்கிறது. "இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?" என்று ஒரு சாட்பாட்டிடம் கேட்டால், "எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்று பதில் வரக்கூடும். சரியான பதில்தான். ஆனால் கேட்டவர் தினமும் இரும்புச்சத்து மாத்திரையும் போடுகிறவர் என்றால், அந்தச் சரியான பதிலை நம்பியே அவர் மருந்தை வீணாக்கிவிடலாம்.

எப்படி? எச்.ஐ.வி. தன் மரபுப்பொருளை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகுவதற்கு இன்டெகிரேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்யும் இடத்தில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் இருக்கின்றன. டோலுடெகிராவிர் போய் அந்த இரண்டையும் கவ்விக்கொள்கிறது, நொதி முடங்குகிறது. இந்தக் கவ்வும் குணம் குடலில் இருக்கும்போதும் அதற்கு உண்டு. அங்கே கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் என்று எது எதிர்ப்பட்டாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது.

எனவே விதி சற்று நுணுக்கமானது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை உணவோடு போட்டால் டோலுடெகிராவிரையும் கூடவே போடலாம். வெறும் வயிற்றில் என்றால், அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குப் போடும் மெக்னீசியம், அலுமினிய மருந்துகளுக்கு உணவோடு என்ற சலுகைகூடக் கிடையாது, இடைவெளி கட்டாயம். அனுபவமுள்ள மருந்தாளுநர் இதையெல்லாம் ஒப்பிப்பதற்கு முன் ஒன்று கேட்பார்: "வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" பதிலின் தரம் அந்தக் கேள்வியில்தான் தீர்மானமாகிறது.

சாட்பாட் அதைக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். அதன் அடியில் இருக்கும் மொழி மாதிரி, ஏராளமான எழுத்துகளைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகிறது. பிறகு, மனிதர்களுக்குப் பிடிக்கும் விதத்தில் பதில் சொல்ல அதைப் பழக்குகிறார்கள். கேள்வி வந்ததும் முழுமையாகத் தோன்றும் ஒரு பதிலைத் தந்துவிடுவது அதற்கு எளிது. "உங்களைப் பற்றி இன்னும் தெரிந்தால்தான் சொல்ல முடியும்" என்று நிற்பது அரிது. சொல் தேர்வில் தற்செயலும் கலந்திருப்பதால், ஒரே கேள்விக்கு இன்று ஒரு பதிலும் நாளை வேறொன்றும் வரலாம். இரண்டும் ஒரே உறுதியான தொனியில் வரும். இதுதான் எனக்குக் கவலை தருவது. தயங்கவேண்டிய இடத்தில் தயங்குகிற குரல் இருந்தால் கேட்பவர் எச்சரிக்கையாவார்.

பழைய தகவலும் ஒரு பெரிய சிக்கல். 2018 மே மாதத்தில் போட்ஸ்வானாவில் நடந்த ஆய்விலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கருத்தரிக்கும்போதே டோலுடெகிராவிர் எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் 426 பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு மூளை, முதுகுத்தண்டு சார்ந்த பிறவிக் குறை இருந்தது. மற்றப் பெண்களிடம் அது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. உலகமே பதறியது, எழுதித் தள்ளினார்கள். அதே ஆய்வு தொடர்ந்து நடந்து, பிரசவங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் கூடக்கூட அந்த வித்தியாசம் கரைந்துபோனது. 2019 ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனம், கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் உட்பட அனைவருக்கும் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் 2018இன் அச்சம் எழுத்தில் அழியாமல் கிடக்கிறது. அதைப் படித்து வளர்ந்த மாதிரி, கர்ப்பிணி ஒருவருக்கு அந்த அச்சத்தையே எடுத்துக் கொடுத்தால், அவர் மருந்தை நிறுத்திவிடக்கூடும். அப்போது குழந்தைக்கு வைரஸ் தொற்றும் அபாயம் உண்மையாகவே ஏறும்.

இந்தப் பதில்களின் தரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டிஸ்கெர்ன் என்று ஒரு மதிப்பீட்டுக் கருவி உண்டு, 16 கேள்விகள். நோக்கம் தெளிவா, ஆதாரம் சொல்லப்பட்டிருக்கிறதா, பக்கம் சாயாமல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு மதிப்பெண் போடும். நோயாளிகளுக்கான அச்சுக் கையேடுகளை மனதில் வைத்து 1990களில் உருவானது அது. உள்ளே இருக்கும் மருத்துவத் தகவல் சரியா என்பதை அது சோதிப்பதில்லை. நடையின் எளிமையை அளக்கும் சூத்திரங்களோ, சொல்லின் நீளத்தையும் வாக்கியத்தின் நீளத்தையும்தான் எண்ணுகின்றன. ஆக, நல்ல மதிப்பெண் வாங்கிய பதிலில்கூட "காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் டோலுடெகிராவிரை 50 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை போட வேண்டும்" என்ற வரி இல்லாமல் போகலாம். பொய் சொன்னால் கண்டுபிடிக்கலாம். சொல்லாமல் விட்டதைக் கேட்டவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

இவ்வளவுக்கும் பிறகு, சாட்பாட்டிடம் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்.ஐ.வி. என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூசவைத்த சமூகம் நாம். முகம் சுளிக்காமல், எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பதில் தரும் ஒன்று நடுராத்திரியில் கையில் இருக்கும்போது யார்தான் கேட்கமாட்டார்கள்? கேட்கட்டும். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் சேர்த்து எழுதிக் கேட்கட்டும்: சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், வலி மாத்திரை, சத்து மாத்திரை, எல்லாம். மெட்ஃபார்மினின் அளவை டோலுடெகிராவிர் ரத்தத்தில் உயர்த்திவிடும். சில எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்த்துத் தரப்படும் ரிடோனாவிரை எடுப்பவர், ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுத்தால் அது உடலில் தேங்கிவிடும். மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று பார்க்க லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் தேடுகருவி இலவசமாகவே இருக்கிறது; அதன் தரவை நிபுணர்கள் சரிபார்க்கிறார்கள்.

மருந்தை நிறுத்தலாமா, மாற்றலாமா என்ற கேள்வியை மட்டும் சிகிச்சை தரும் மருத்துவரிடமே கொண்டுபோக வேண்டும். டோலுடெகிராவிரோடு பெரும்பாலும் சேர்த்துத் தரப்படும் டெனோஃபோவிரும் லாமிவுடினும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கிவைப்பவை. அந்தத் தொற்றும் உள்ளவர் அவற்றைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கக்கூடும். அவருக்கு அந்தத் தொற்று உண்டா என்பது ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும். அரட்டைப் பெட்டியில் இருக்காது.

தொற்றியிருக்குமோ என்று பயந்து கேட்பவருக்கு வேறொரு கணக்கு. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று ஆறு பத்தி விளக்கிவிட்டு ஏழாவதில் இதைச் சொல்லும் பதிலில் பிழை எதுவும் இருக்காது. ஆனால் அவர் மூன்றாவது பத்தியிலேயே போனை மூடி வைத்துவிட்டுப் படுத்திருப்பார்.