சாட்சியும் ‘அனுபவப் பகிர்வும்’

சபைக் கூட்ட அழைப்பிதழ்களில் ‘சாட்சி’ என்ற சொல் அருகி வருகிறது. அந்த இடத்தில் ‘வாழ்க்கை அனுபவப் பகிர்வு’ ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலப் பிரசங்கங்களை மொழிபெயர்ப்பவர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துவை நம்பியபின் தன் வாழ்க்கை எப்படித் திசை மாறியது என்று ஒருவர் சபை நடுவே எழுந்து சொன்னால், அதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிய பெயர் சாட்சி. அதில் என்ன குறை கண்டார்கள்?

சொல்லின் பிறப்பு எளிது. வடமொழி ‘ஸாக்ஷி’யில் இருந்து வந்தது; தன் கண்ணால் பார்த்தவன் என்பது பொருள். இதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘மார்த்துஸ்’. அதுவும் வழக்குமன்றத்துக்குரியதுதான். பின்னாளில் அது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரைக் குறித்தது. அதனால்தான் தமிழில் இரத்தசாட்சி, வேதசாட்சி, மறைசாட்சி எல்லாம் பிறந்தன.

இப்போது ‘அனுபவப் பகிர்வு’க்கு வருவோம். தூய தமிழ் வேண்டும் என்று மாற்றினார்கள் என்றால், அனுபவமும் வடசொல்தானே! பகிர்தல் தமிழ்தான். ஆனால் அதன் பொருள் பங்கிடுதல். சோற்றைப் பகிரலாம், சொத்தைப் பகிரலாம். செய்தியைச் சொன்னோம், கதையைச் சொன்னோம், துக்கத்தைக்கூடச் சொல்லித்தான் ஆற்றிக்கொண்டோம். இன்று மேடையேறுகிறவர்கள் யாரும் எதையும் சொல்வதில்லை, எல்லாவற்றையும் பகிர்கிறார்கள். ‘ஷேர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை அகராதியில் பார்த்து ஒட்டவைத்ததன் விளைவு இது.

இதைவிடப் பெரிய கோளாறு பொருளில் இருக்கிறது. அனுபவம் என்னைப் பற்றியது. எனக்கு நேர்ந்தது, நான் உணர்ந்தது. சாட்சியோ இன்னொருவரைப் பற்றியது. கூண்டில் ஏறியவன் தன் பெருமையைப் பேசினால் நீதிபதி தடுத்துவிடுவார். அனுபவத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது; சாட்சியைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். நேற்றுவரை கடன் வாங்கிக் குடித்தவர் இன்று சாட்சி சொல்கிறார் என்றால், கடனைத் திருப்பிக் கொடுத்தாரா என்று அடுத்த வரிசையில் இருப்பவர் கேட்பார். ‘பகிர்வு’ என்று போட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒருவேளை அதற்காகத்தான் மாற்றினார்களோ என்னவோ.

நாட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரை மறைசாட்சி என்கிறோம். தன் கதையைச் சொன்னதால் வந்த பட்டமா அது? அவரைத் ‘தியாகி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. தியாகம் பழைய வழக்கில் கொடை. விக்கிரம சோழனுக்குத் தியாகசமுத்திரன் என்று பட்டமே இருந்தது. இன்றைய வழக்கில் தியாகி என்றதும் விடுதலைப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். எதை விட்டார் என்பதைச் சொல்லும் சொல், எதை உறுதிப்படுத்தினார் என்பதைச் சொல்லாது.

மதிக்கத்தக்க போட்டி ‘சான்று’ மட்டுமே. திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு ‘சான்று பகர்’ என்கிறது. மனசாட்சியை மனச்சான்று ஆக்கியது. நல்ல தமிழ், சான்றோரின் உறவு. ஆனால் அந்த மொழிபெயர்ப்பே திருத்தூதர் பணிகள் 1:8இல் ஆட்களைக் குறிக்கும்போது ‘சாட்சிகள்’ என்றுதான் எழுதுகிறது. சொல்லப்படுவது சான்று, சொல்பவர் சாட்சி என்று பிரித்துக்கொண்டால் எனக்குச் சண்டையில்லை. ‘சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்’ என்று பழமொழிக்குள் போய்விட்ட சொல்லை அயலான் என்று விரட்டுவது மட்டும் வீண் வேலை.

இன்னும் தூய்மை வேண்டுவோருக்கு வள்ளுவரிடமே சொல் இருக்கிறது: ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது 25ஆம் குறள். கரி என்றால் சாட்சி. மீட்டெடுக்கலாம்தான். ஆனால் ‘இன்று மாலை சகோதரர் கரி சொல்வார்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டால் சபையார் அடுப்பைத்தான் தேடுவார்கள்.