கணக்குப் போட்டால் கிடைப்பதை ஸ்டேட்டில் வைக்காதீர்கள்

சேலத்தில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பில்லிங் திரை எழுதித் தருகிற இளைஞர்களின் ரியாக்ட் (திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) கோடைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரே வகைப் பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அது திரையில் சிவப்பு எழுத்தாக வராது. தப்பான எண்ணாக பில்லில் அச்சாகி, கடைக்காரர் கைக்குப் போய்விடும்.

2019 பிப்ரவரியில் வந்த ரியாக்ட் 16.8-ல்தான் ஹுக்குகள் (யூஸ் என்று தொடங்கும் தனி ஃபங்ஷன்கள்) அறிமுகமாயின. அதற்கு முன்பு ஒரு காம்பொனன்டுக்கு (திரையின் ஒரு பகுதிக்கு) ஸ்டேட் (அது நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய மதிப்பு) வேண்டுமென்றால் கிளாஸ் எழுத வேண்டும். இப்போது யூஸ்ஸ்டேட் என்று ஒரு வரி போதும். அவ்வளவு சுலபம் என்பதாலேயே, கண்ணில் படும் எண்ணுக்கெல்லாம் ஒரு யூஸ்ஸ்டேட் போட்டுவிடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். எடை 250 கிராம், டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது) 80 என்றால் சுத்த வெள்ளி 200 கிராம். இந்த மூன்று எண்ணுக்கும் மூன்று ஸ்டேட் வைத்து, எடை மாறினால் சுத்த வெள்ளியைத் திருத்தச் சொல்லி ஒரு யூஸ்எஃபெக்ட் (ரெண்டர் முடிந்த பிறகு ஓடும் ஹுக்; ரெண்டர் என்றால் காம்பொனன்டை ஓட்டித் திரையில் காட்ட வேண்டியதைக் கணக்கிடுவது) எழுதியிருப்பார்கள். எது மாறினால் அது மறுபடி ஓட வேண்டும் என்று சொல்லும் டிபென்டன்சி பட்டியலில் எடை மட்டும் இருக்கும், டச் விட்டுப்போயிருக்கும். வாடிக்கையாளர் முன்னாலேயே டச்சை 70 என்று மாற்றுகிறார்கள். 175 வர வேண்டிய இடத்தில் 200 அப்படியே நிற்கிறது. 25 கிராம் வெள்ளி கணக்கில் பிசகுகிறது. யார் பக்கம் நஷ்டம் என்பது அன்றைக்கு யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பட்டியலில் டச்சையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்தான். ஆனாலும் முதலில் பழைய எண்ணோடு ஒரு ரெண்டர், எஃபெக்ட் ஓடிய பிறகு புது எண்ணோடு இன்னொரு ரெண்டர் என்று வீண் வேலை நடக்கும். சுத்த வெள்ளிக்கு ஸ்டேட்டே வேண்டாம். காம்பொனன்ட் உள்ளேயே எடையை டச்சால் பெருக்கி நூறால் வகுத்து ஒரு சாதாரண மாறியில் வையுங்கள். ஒவ்வொரு ரெண்டரிலும் அது புதிதாகக் கணக்கிடப்படும், பழையதாகிப்போக வழியே இல்லை. வேகம் குறையுமே என்று, கணக்கின் விடையைச் சேமித்து வைக்கும் யூஸ்மெமோவைத் தேடி ஓட வேண்டாம். ஒரு பெருக்கலுக்கு அது தேவையில்லை. ஆயிரக்கணக்கான வரிகளை வடிகட்டும்போது யோசிக்கலாம்.

அடுத்தது, பழைய மதிப்பை வைத்துப் புதியதைச் சொல்வது. ஜோடி எண்ணிக்கை 5 இருக்கும்போது, ஒரே கிளிக்கில் "ஜோடி கூட்டல் 1" என்று இரண்டு முறை செட் செய்தால் 7 வராது, 6தான் வரும். அந்த ரெண்டரில் ஜோடி என்றால் 5தான், அது நடுவில் மாறாது. இரண்டு அழைப்பும் "6 ஆக்கு" என்றே சொல்கின்றன. மதிப்புக்குப் பதிலாக, பழையதை வாங்கி ஒன்றைக் கூட்டித் தரும் ஃபங்ஷனைக் கொடுத்தால் 7 வரும். பட்டியலும் அப்படித்தான்: இருக்கிற அரேயிலேயே புஷ் செய்து அதையே திருப்பிக் கொடுத்தால், அதே அரேதானே என்று ரியாக்ட் திரையை மாற்றாமல் விட்டுவிடும். புது அரேயாகக் கொடுங்கள். ஹுக்குகளை இஃப் உள்ளேயும் லூப் உள்ளேயும் அழைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அழைக்கும் வரிசையை வைத்தே எது எந்த ஸ்டேட் என்று ரியாக்ட் அடையாளம் காண்கிறது.

யூஸ்எஃபெக்ட் உண்மையிலேயே தேவைப்படுவது வெளியே இருப்பதோடு பேசும்போது. ஏற்காட்டில் அறை பதிவு செய்யும் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் சிக்னல் வந்து வந்து போகும். சனிக்கிழமையைத் தொட்டுவிட்டு, உடனே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுகிறார் ஒருவர். ஞாயிறுக்கான பதில் முதலில் வந்து, சனிக்கான பதில் தாமதமாக வந்தால், ஞாயிறு என்ற தலைப்பின் கீழ் சனிக்கிழமையின் காலி அறைகள் தெரியும். எஃபெக்டிலிருந்து கிளீனப் ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பி, பழைய கோரிக்கையின் பதிலை ஒதுக்கச் சொல்ல வேண்டும். இதை அலுவலக வைஃபையில் சோதித்தால் பெரும்பாலும் பிடிபடாது, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

"அண்ணா, லின்ட் மஞ்சளாத்தானே காட்டுது, சிவப்பா இல்லையே" என்று, கோடில் பிழை தேடும் லின்ட் கருவியைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மேலே சொன்ன டச் விட்டுப்போன பிழையைக் காட்டிக்கொடுப்பது அந்த மஞ்சள் கோடுதான். அதை கமென்ட் போட்டு அடக்காதீர்கள். அப்புறம், ரியாக்ட் 18 முதல் ஸ்ட்ரிக்ட் மோடில் (பிழைகளை முன்கூட்டியே காட்டும் சோதனை முறை) எஃபெக்ட் முதல் தடவை இரண்டு முறை ஓடும். டெவலப்மென்டில் மட்டும்தான், கிளீனப் விட்டுப்போனது தெரிய வேண்டும் என்பதற்காக. எரிச்சலாக இருக்கிறது என்று ஸ்ட்ரிக்ட் மோடையே எடுத்துவிட்டவர்கள் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.