வீட்டில் பிரஷர் பார்க்கப் பழகுங்கள்: காற்றை மெல்ல விடுங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து மாதக் கிளினிக்குக்கு வருபவர்கள் விடிய முதல் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, வரிசையில் காத்திருந்து களைத்துத்தான் கையை நீட்டுகிறார்கள். அந்த நேரத்து ஓர் அளவை மட்டும் வைத்து ஒருவரின் குருதி அமுக்கத்தைத் தீர்மானிப்பது சரியில்லை. அதனால்தான், வீட்டில் ஒருவராவது பிரஷர் பார்க்கப் பழகுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பற்றரி மெசின் நல்லதுதான். நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு மட்டும் அது பிழையாகக் காட்டலாம். கையால் காற்றடிக்கிற மெசினுக்குப் பற்றரி வேண்டாம், நல்ல காது வேண்டும். தனக்குத்தானே பார்ப்பது கடினம். பேரப்பிள்ளைகள் கெதியாகப் பழகிவிடுவார்கள்.

பார்க்கமுதல் சிறுநீர் கழித்துவிட்டு, கதிரையில் முதுகு சாய்த்து, பாதத்தை நிலத்தில் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு எதுவும் கூடாது. கை மேசையில், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். தொங்கினால் அளவு கூடித் தெரியும். காற்றடிக்கக் கையில் சுற்றுகிற பட்டி பருத்த கைக்குச் சின்னதாக இருந்தாலும் அப்படித்தான்.

எந்தக் கை என்பது எங்கள் ஊர்களில் முக்கியமான கேள்வி. ஷெல் காயத்தில் இரத்தக்குழாய் பாதிக்கப்பட்ட கையை விட்டு மற்றக் கையில் பாருங்கள். சிறுநீரக நோய்க்கு இரத்தம் சுத்திகரிப்பதற்காக ஃபிஸ்டுலா (இரண்டு இரத்தக்குழாய்களைச் சேர்த்த இணைப்பு) போட்ட கையில் ஒருபோதும் பட்டி கட்டக்கூடாது.

கையால் காற்றடிக்கிற மெசினென்றால், முதலில் அதன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடியுங்கள். நாடி மறையும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு காற்றை முழுதாக விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பின் உட்பக்கம் வைத்து, அந்த எண்ணுக்கு 30 மேலே ஏற்றுங்கள். இனிக் காற்றை விடுகிற திருகியை மெல்லத் திறக்கவேண்டும். முள் செக்கனுக்கு 2, 3 என்றுதான் இறங்கலாம். முதல் 'டக்' கேட்கும் இடம் மேல் அளவு, சத்தம் முற்றாக நிற்கும் இடம் கீழ் அளவு. 1905இல் ரஷ்ய சத்திரசிகிச்சை நிபுணர் நிக்கொலாய் கொரொட்கோவ் விவரித்த அதே சத்தங்கள்தான் இவை.

பழகுபவர்கள் தடுமாறுவது திருகியில்தான். சட்டென்று திறந்தால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் வரும். அண்மையில் ஒரு பிள்ளை காதில் குழாயோடு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க, அம்மம்மா பசுமாடு கன்று போட்ட கதையைத் தொடங்கிவிட்டா. "அம்மம்மா, கதையாதேங்கோ!" என்றாள் பிள்ளை. அவள் சொன்னது சரி. கதைத்தாலும் அளவு ஏறும்.

காலையில் குளிசை போடமுதலும், பின்னேரமும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்து, ஒரு கிழமைக்கு, வந்த எண்ணை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். 138 வந்தால் 140 ஆக்கவேண்டாம். வீட்டு அளவின் சராசரி 135/85க்கு மேல் நின்றால் கொப்பியோடு வாருங்கள். மெசினையும் கொண்டுவந்தால் எங்கள் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவு குறைந்துவிட்டது என்று குளிசையை நிறுத்தாதீர்கள், குறைந்ததே குளிசையால்தான். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், வாய் கோணல், கைகால் சோர்வு ஏதும் வந்தால் பிரஷர் பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.